புகைக்கத் தெரியாதவனிடம் ஒரு பேட்டி

மனித குலத்தின் நன்மையை முன்னிட்டு ஓர் அறிவிப்பு. பள்ளி மாணவி ஒருத்தி, புகை பிடிக்கும் இளைஞன் ஒருவனை நேரில் உட்காரவைத்து, அவன் கெட்டுப்போன வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்து, வருங்காலத் தலைமுறையைக் காப்பாற்றப் போகிறாள். அந்த மகத்தான பணிக்குத் தகுந்த இளைஞனும் கிடைத்துவிட்டான்.

கிடைத்தவனிடம் ஒரே ஒரு குறை. அவனுக்குப் புகை பிடிக்கத் தெரியாது.

அதை அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்காக வாயையும் திறந்தான்.

"இல்லைன்னு சொல்லிடாதே" என்றார் மேலாளர். "எனக்குப் பிடிக்காதது ரெண்டு. ஒண்ணு சிகரெட், இன்னொண்ணு பொய். சிகரெட்டைக்கூட மன்னிச்சிடுவேன். உனக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவன் இப்படித்தான் 'நான் பிடிக்கறதே இல்ல சார்'னு சத்தியம் பண்ணினான். இப்ப எங்க இருக்கான் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. அனுப்பிட்டேன்."

அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தீ விபத்துப் பிரிவு. எரிந்துபோன கிடங்குகள், எரிந்துபோன கடைகள், எரிந்துபோனதாகச் சொல்லப்படும் கடைகள் ஆகியவற்றின் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே அங்கே எல்லோருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மழை. சன்னலுக்கு உள்ளேயும் ஒரு மூலையில் மழை. அதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். மேலாளர் அறைக்கதவில், சிவப்புக் கோடு போட்ட சிகரெட் படத்துக்குக் கீழே, 'ஒரு பொறி, ஒரு குடும்பம்' என்று எழுதியிருந்தது. வாசகம் அவரே சொந்தமாக யோசித்தது. அதற்காக ஒரு விழாவும் நடந்தது. சால்வையை அவரே வாங்கி வந்திருந்தார்.

நம் இளைஞனுக்கு அலுவலகத்தில் பெயர் கிடையாது. 'டெம்பரவரி' என்று கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டால் அவன் நிரந்தரம். போடாவிட்டால் வீடு. வீட்டில் அம்மா, அவன் எப்போதோ நிரந்தரமாகிவிட்டதாக அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். ஆகவே வீட்டுக்கும் போக முடியாது.

"உன்னைத் தினமும் பின்மாடிப்படியில பாக்கறேன்" என்றார் மேலாளர். "அந்தப் புகைக்கூட்டத்துக்கு நடுவுல நீயும் நிக்கறே. சாமி கும்பிடவா நிக்கறே?"

அவன் அங்கே நின்றது உண்மைதான். சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. டெம்பரவரி உட்காரப் போனால், "அது அவரோட சீட்டு, தம்பி" என்று ஒரு குரல் வரும். அந்த அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தாலும் வரும். பின்மாடிப்படியில் மட்டும்தான் யாரும் உட்காருவதில்லை. அதனால் யாரும் அவனை எழுப்புவதுமில்லை. கையில் டீயோடு நிற்பான். நாலு பேர் ஊதும் புகையில் கண் எரியும். ஆனால், "வாடா, வந்துட்டியா" என்று ஒருவராவது கேட்பார்.

அந்த ஒரு 'வாடா'வுக்காக அவன் கண்ணெரிச்சலைத் தாங்கிக்கொண்டான் என்பதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

"எப்போதாவது... ஒண்ணு ரெண்டு சார்" என்றான்.

மேலாளர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. புதன்கிழமை காலையில வீட்டுக்கு வா. ஆபீஸ் வேலைன்னு போட்டுக்கலாம். என் பொண்ணு கேள்வி கேப்பா. பத்தாவது படிக்கறா. இல்ல, பதினொண்ணு. ஸ்கூல் ப்ராஜெக்ட். 'அந்த டெம்பரவரிப் பையனையே கூட்டிட்டு வாங்க'ன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

வீட்டில் இருப்பவர்களுக்குத் தன்னை எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். பெருமையில் கேட்க மறந்துவிட்டான்.

மறுநாளே மேலாளர் மகள் அனுப்பிய கேள்விகள் அவன் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன. படித்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நுரையீரல் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பாக்கெட்டை வீட்டில் எங்கே ஒளிப்பீர்கள்? என்ன சொல்லிவிட்டு வெளியே போவீர்கள்? வாசனை போக என்ன மெல்லுவீர்கள்?

பின்மாடிப்படியின் தலைவர் ஸ்டோர்கீப்பர் அண்ணன். ஊசி, நூல், ரப்பர் ஸ்டாம்ப், அச்சடித்த படிவம் எல்லாம் அவர் பொறுப்பில். கைப்பேசியை வாங்கிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒளிக்கறதைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்? எனக்கு என் வீட்டுக்காரியே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து மூஞ்சியில எறிவா. ஒளிச்சு வாழற யோகமெல்லாம் நமக்குக் கிடையாது."

"அண்ணே, வெள்ளிக்கிழமை கையெழுத்துண்ணே."

அண்ணன் புகையை மேலே விட்டு, அது ஈரச் சுவரில் போய் ஒட்டுவதைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தரைத் தெரியும். பெரிய மனுஷன். ஒளிக்கறதுல டாக்டர் பட்டம் வாங்கினவரு. மனசு தாங்காம எல்லாத்தையும் என்கிட்ட வந்து கொட்டுவாரு. அவர் எப்படிப் பண்றாரோ அதை அப்படியே சொல்லித் தரேன். மனப்பாடம் பண்ணிக்கோ."

"யாருண்ணே அவரு?"

"பரீட்சைக்குப் படிக்கறவன் புஸ்தகம் யாரு எழுதினதுன்னு பாப்பானா? குறிச்சுக்கோ. முன்னாடி கார்ல வச்சிருந்தாராம். அங்க வச்சா குறைஞ்சுக்கிட்டே போகுதாம். டிரைவர் எடுக்கறான்னு சந்தேகப்பட்டு டிரைவரையே மாத்திட்டாரு. அப்பவும் குறைஞ்சுது. அதனால இப்ப வீட்டுக்குள்ள கொண்டு போயிட்டாரு..."

பாடம் நடந்தது. எதையும் விடாமல் மனப்பாடம் செய்தான். பள்ளியிலும் அவன் அப்படித்தான் தேறினான். அர்த்தம் தெரிந்தால் மறந்துவிடும் என்று அர்த்தத்தின் பக்கமே போகமாட்டான்.

"எல்லாம் சரிதான்" என்றார் அண்ணன் கடைசியில். "ஆனா உன் விரலை மோந்து பாத்தா சோப்பு வாசனை வருது. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷத்துல பிடிச்சிடும். இந்தா, ஒண்ணு எடுத்துட்டுப் போ. குடிக்க வேண்டாம். பத்தவச்சுக் கையில பிடி. போதும்."

அன்று மாலை அவன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு பற்றவைத்தான். கையில் மட்டும் பிடித்தான். அது அணையப் பார்த்தது. அணையாமல் இருக்க ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். அடுத்த கணம், குளியலறையில் ஓர் ஆளைக் கொலை செய்தால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது.

அம்மா கதவைத் தட்டவில்லை. அவன் வெளியே வந்தபோது எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா வாசனை?"

வாயில் முதலில் வந்தது மனப்பாடம்தான். "ஆபீஸ்ல ஒரு பையன் ஊதித் தள்ளறான்மா. அந்த நாத்தம் சட்டையில ஒட்டிக்கிது."

அம்மா சுவரைப் பார்த்தாள். சுவரில் அப்பாவின் படம் இருந்தது. படத்தில் அப்பா இருமவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் அவர் நிறுத்தாத ஒரே காரியம் அது.

"உங்கப்பாவும் இதையேதான்டா சொன்னாரு" என்றாள் அம்மா. தட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சோற்றை அப்படியே மூடி வைத்தான். வெள்ளிக்கிழமை நிரந்தரமாகிவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். அம்மா கடைசியாக எப்போது சிரித்தாள் என்று நினைத்துப் பார்க்காமல் இருந்ததால் இந்தத் திட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது.

புதன்கிழமை மழையில் பேருந்து பிடித்து, நனைந்த செருப்போடு மேலாளர் வீட்டு வாசலில் நின்றான். தெருக்கோடியில் இருந்த பள்ளியில் மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. மேலாளரின் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அங்கிள்" என்றாள்.

அவனுக்கு இருபத்து நாலு வயது. அந்த 'அங்கிள்' சிகரெட்டைவிட அதிகமாக நெஞ்சைத் தாக்கியது.

மேலாளர் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து தலைமையுரை ஆற்றினார். "இவனை நல்லா பாரும்மா. நல்ல குடும்பத்துப் பையன். கெட்டுப் போயிட்டான். இவன் கண்ணைப் பாரு, கன்னத்தைப் பாரு. இவன் ஒரு மனுஷன் இல்ல, எச்சரிக்கை. ஒரு பொறி..."

"ஒரு குடும்பம். தெரியும்பா. ரெக்கார்ட் ஆகுது, பேசாம இருங்க."

மேலாளரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். அமைதியான முகம். கோப்பையை நீட்டியபோது கிராம்பு வாசனை அடித்தது. கிராம்பு போட்ட காப்பி போலிருக்கிறது என்று ஒரு வாய் குடித்தான். காப்பியில் கிராம்பு இல்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை. அந்த அம்மாள் கதவோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டார்.

"முதல் கேள்வி. பாக்கெட்டை வீட்ல எங்க வைப்பீங்க?"

"ஷூ அலமாரியில. போடாம ஒரு பழைய ஜோடி இருக்கும்ல, அதுல இடது ஷூவுக்குள்ள" என்றான் கடகடவென்று.

மேலாளரின் காப்பி உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

"ஏன் இடது?"

"வலதுல தீப்பெட்டி."

"அங்க யாராவது பாத்துட்டா?"

"முதலுதவிப் பெட்டி. பஞ்சுக்கு அடியில. நம்ம வீட்ல யாருக்கும் அடிபடறதே இல்லையே."

"நம்ம வீட்லயா?"

"எங்க வீட்ல."

மேலாளர் இருமினார். டெம்பரவரி அவரைப் பார்த்தான். அவர் கண்ணை உருட்டினார். புருவத்தை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். 'பதிலில் உயிரில்லை, இன்னும் விளக்கமாகச் சொல்' என்று அவன் புரிந்துகொண்டான். வெள்ளிக்கிழமையை மனதில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ராத்திரி பிடிக்கணும்னு தோணினா என்ன சொல்லிட்டு வெளியே போவீங்க?"

"கார் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வரேன்னு."

அவள் அவனுடைய நனைந்த செருப்பைப் பார்த்தாள். "உங்ககிட்ட கார் இருக்கா அங்கிள்?"

"இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கார்."

"அவர் காரை நீங்க ஏன் போய்ப் பாக்கணும்?"

"அவருக்கு மறதி ஜாஸ்தி."

"ம்மா, இன்னொரு காப்பி கொண்டு வாயேன்" என்றார் மேலாளர். யாரும் அசையவில்லை.

"வாசனை தெரியாம இருக்க?"

"ஏலக்காய் போடறவன் கத்துக்குட்டி. நான் கிராம்புதான். ரெண்டு. ஒண்ணு கடவாயில, ஒண்ணு சட்டைப் பையில."

எல்லோருடைய பார்வையும் மேலாளரின் சட்டைப் பைக்குப் போனது. அவர் கையால் அதை மூடிக்கொண்டார். பார்ப்பதற்குத் தேசிய கீதத்துக்கு நிற்பவர் மாதிரி இருந்தது. உட்கார்ந்திருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

"கடைசிக் கேள்வி. அப்படியும் உங்க மனைவி மோப்பம் பிடிச்சிட்டா?"

"ஆபீஸ்ல ஒரு பையன் இருக்கான், டெம்பரவரி. விடாம ஊதித் தள்ளறான். அந்த நாத்தம்தான் என் சட்டையில..."

அங்கே அவன் நின்றுபோனான்.

மனப்பாடத்தின் கடைசி வரி அது. ஒப்பித்தபோதுதான் அதன் அர்த்தம் முதல்முறையாக அவனுக்கு எட்டியது. இத்தனை காலமும் தினந்தோறும் இந்த வீட்டில் அவன் புகைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பாக்கெட் பாக்கெட்டாக ஊதியிருக்கிறான். அலுவலகச் சாப்பாட்டு அறையில் யாரும் அவனுக்கு நாற்காலி தந்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் அவனுக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருந்திருக்கிறது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அங்கிள்?" என்றாள் மகள்.

"இல்ல" என்றான் மெதுவாக.

கதவோரம் நின்ற அம்மாள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "பாவம், நல்லா பேசறான் பையன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேலாளர் கேட் வரைக்கும் வந்தார். குடையைத் தன் தலைக்கு மட்டும் பிடித்திருந்தார்.

"யாருய்யா சொல்லிக் குடுத்தது?"

அண்ணனைக் காட்டிக்கொடுத்தால் பின்மாடிப்படியும் போய்விடும். "சொந்த அனுபவம் சார்."

"பொய் சொன்னா எனக்குப் பிடிக்காதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அப்ப உண்மையைச் சொல்லட்டுமா சார்?"

மேலாளர் மழையைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்" என்றார். அந்த வார்த்தையில் இருந்த ஈரம் மழையினால் வந்தது மட்டும்தான்.

வியாழக்கிழமை முழுவதும் டெம்பரவரி தன் மேசை இழுப்பறையைக் காலி செய்தான். ஒரு பேனா, ஒரு சீப்பு, முதல் நாள் கொடுத்த அடையாள அட்டை. அதில் பெயர் போட வேண்டிய இடத்தில் 'தற்காலிகம்' என்று அச்சாகியிருந்தது. காலி செய்து முடிக்க அதிக நேரம் ஆகாததால் அதைத் திரும்ப உள்ளே வைத்துத் திரும்பக் காலி செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். இரண்டே இரவில் ஆள் சுருங்கிவிட்டிருந்தார். கதவைச் சாத்தினார். 'ஒரு பொறி, ஒரு குடும்பம்' வெளிப்பக்கம் போனது.

"ஒரு வார்த்தை பேசலைய்யா" என்றார்.

"யாரு சார்?"

"என் சம்சாரம். கத்துவா, அழுவா, அவங்க அண்ணனைக் கூப்பிடுவான்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. சிரிச்சுக்கிட்டே சாப்பாடு போடறா. ஷூவுல பாத்தேன், காணோம். முதலுதவிப் பெட்டியில பாத்தேன், பஞ்சு மட்டும் இருக்கு. ரெண்டு நாளா நான் தூங்கலை. அவ நிம்மதியா தூங்கறா. என்ன திட்டம் போடறான்னே தெரியல."

மேலாளர் கெஞ்சுவதை டெம்பரவரி அதுவரை பார்த்ததில்லை. அந்தக் காட்சி அவனுக்கு எந்தச் சந்தோஷத்தையும் தரவில்லை. அவர் முகத்தில், தட்டை வைத்துவிட்டு உள்ளே போன அம்மாவை வெறித்த தன் முகத்தையே பார்த்தான்.

"நீ போ. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன்னு என் பொண்ணுகிட்ட பேச்சுக் குடு. அவங்கம்மா மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வா. நீ வந்து சொல்றதைப் பொறுத்துதான் என் கையெழுத்து."

ஒருவன் வாழ்க்கையில் நிரந்தரமாவதற்கு இன்னொருவர் மனைவியின் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எந்த அலுவலக விதியிலும் இல்லை. அவன் பேருந்து ஏறினான்.

மழை விடவில்லை. கதவைத் திறந்தது மகள்.

"அம்மா இல்லையாம்மா?"

"மொட்டை மாடியில இருக்காங்க. துணி எடுக்கப் போனாங்க."

அவன் மேலே பார்த்தான். கொடியில் துணி எதுவும் இல்லை. தண்ணீர்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

"ப்ராஜெக்ட்டுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தான். "ஸ்கூல்ல எப்பக் குடுக்கணும்?"

"எந்த ஸ்கூல்?"

"உங்க ஸ்கூல்."

"நான் ஸ்கூல் முடிச்சாச்சு அங்கிள். காலேஜ் எப்பத் திறக்கும்னு உக்காந்துட்டிருக்கேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம். பதினொண்ணாவதுன்னு ரொம்ப நம்பிக்கையா இருக்கார்."

"அப்ப அந்தக் கேள்வியெல்லாம்?"

"அம்மா சொன்னது."

"அப்ப சார் பிடிக்கறது அம்மாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்தே தெரியும். முன்னாடி கார்லதான் வச்சிருந்தார். இடத்தை மாத்தினதுக்கு அப்புறம் எங்க வைக்கறார்னுதான் தெரியல. அப்பா சொல்ற அந்த டெம்பரவரி பையன் அப்பாகூட நின்னுதான் ஊதுவான், அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அம்மாவுக்கு ஒரு யோசனை."

"ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"இல்லையே. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து நல்ல மூட்ல இருக்காங்க."

"சார் ஏதோ பெரிய தண்டனை வரப்போகுதுன்னு பயந்து சாகறாரும்மா. நான் போய் அவர்கிட்ட ஒரு பதில் சொல்லியாகணும். இன்னிக்குக் கையெழுத்துப் போடலன்னா எனக்கு வேலை இல்ல. எங்கம்மா வேற... எடுத்த பாக்கெட்டை எல்லாம் உங்கம்மா என்னதான் பண்ணினாங்க?"

அவள் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, முதல்முறையாக 'அங்கிள்' என்று தொடங்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, உங்க கையெழுத்து விஷயத்தை அம்மா பாத்துக்குவாங்க. நீங்க வாரத்துக்கு ஒரு பாக்கெட் மட்டும் அம்மாகிட்ட வாங்கிக் குடுத்துடுங்க. கடையில போய்க் கேக்க அவங்களுக்குக் கூச்சமா இருக்குதாம்."